குழந்தையோடு தனியாக நான்கு மணி நேரம்

"எனக்கு முப்பத்துமூன்று வயது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீட். வாடிக்கையாளர் அமெரிக்காவில் இருப்பதால் மாலை ஏழிலிருந்து பத்து வரை பெரும்பாலும் கான்ஃபரன்ஸ் காலில்தான் இருப்பேன். மனைவி வங்கி அதிகாரி. மகளுக்கு ஐந்து மாதம் ஆகிறது. மூன்று வாரத்தில் மனைவி வேலைக்குத் திரும்ப வேண்டும். பாத்திரம் தேய்க்கிறேன், துணி காயப்போடுகிறேன், கடைக்குப் போகிறேன், எது சொன்னாலும் செய்கிறேன். ஆனாலும் எல்லாம் தன் தலையில்தான் என்கிறாள். குழந்தை அழுதால் என்னிடம் அடங்குவதே இல்லை. ஆபீசில் இந்த வருஷம் புரமோஷன் கிடைக்கும்போல இருக்கிறது. எதை விடுவது, எதைப் பிடிப்பது?"

சென்னை வாசகர் ஒருவரின் கடிதம் இது. இதே நிலையில் இருக்கும் அப்பாக்கள் நிறையப் பேர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி புரமோஷனைப் பற்றியதல்ல. குழந்தை உங்களிடம் அடங்குவதில்லை என்பதுதான். ஒரு கேள்வி: வீட்டில் மனைவி, அம்மா, மாமியார் யாருமே இல்லாமல் நீங்களும் மகளும் மட்டுமாக நான்கு மணி நேரம் கடைசியாக எப்போது இருந்தீர்கள்? ஆலோசனைக்கு வரும் அப்பாக்களிடம் இதைக் கேட்டால் பெரும்பாலும் கொஞ்ச நேர யோசனைக்குப் பிறகு 'இருந்ததில்லை' என்றே பதில் வருகிறது. பாத்திரம், துணி, கடை எல்லாம் வீட்டு வேலை. அவற்றைச் செய்கிறீர்கள் என்பது நல்ல விஷயம். ஆனால் குழந்தை வளர்ப்பில் சரிபாதி என்பது அங்கே தீர்மானமாவதில்லை. மனைவி வெளியே போயிருக்கும்போது, போன் செய்து கேட்காமல் உங்களால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடிகிறதா என்பதில்தான் தீர்மானமாகிறது.

இது உங்கள் குறை மட்டுமில்லை. நம் ஊர் வழக்கத்தைப் பாருங்கள். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள். பிரசவமும் அங்கேதான். மூன்று மாதம், சில வீடுகளில் ஐந்து மாதம் கழித்துத்தான் குழந்தையோடு புகுந்த வீடு திரும்புகிறாள். அதுவரை அப்பா சனி, ஞாயிறு பஸ் ஏறிப் போய், குழந்தையை மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் விருந்தாளி. அந்த மாதங்களில்தான் அம்மா எல்லாவற்றையும் கற்றுக்கொள்கிறாள்: எது பசி அழுகை, எது தூக்க அழுகை, வயிற்றில் காற்று அடைத்தால் எந்தத் தோளில் போட்டால் ஏப்பம் வரும். பிறக்கும்போது இருவருக்குமே ஒன்றும் தெரியாது. ஐந்தாம் மாதத்தில் ஒருவர் தேர்ந்தவராகவும் இன்னொருவர் கைப்பிள்ளையாகவும் நிற்கிறார்கள். பிறகு, தெரிந்தவர் செய்வதே வேகமாக முடிகிறது என்பதால் தெரிந்தவரே செய்துகொண்டிருக்கிறார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து யாரும் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டதில்லை.

'அது தாய்க்கு இயல்பாக வருவது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிலிப்பைன்ஸின் சேபு நகரில் இளைஞர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். அப்பா ஆனவர்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவு குறைந்திருந்தது. தினமும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைக் கவனித்தவர்களுக்கு, கவனிப்பில் ஈடுபடாத அப்பாக்களைவிட அந்த அளவு குறைவாக இருந்தது. அப்பாவின் உடம்பும் குழந்தை வளர்ப்புக்குத் தன்னைத் தயார்செய்துகொள்ளும் உடம்புதான்.

நேரம் எங்கே போகிறது என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. தேசிய புள்ளியியல் அலுவலகம் 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். இது வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரி. எதுவுமே செய்யாதவர்கள் இந்தக் கணக்கில் வரவில்லை.

ஆகவே இந்த மூன்று வாரத்தில் முதல் வேலை, வரும் சனிக்கிழமையே நான்கு மணி நேரம் மனைவியை வீட்டை விட்டு வெளியே அனுப்புவது. அவர் தோழி வீட்டுக்குப் போகட்டும், சினிமாவுக்குப் போகட்டும், அம்மா வீட்டில் போய்த் தூங்கட்டும். பக்கத்து அறையில் மட்டும் இருக்க வேண்டாம். அவர் வாசனை தெரிந்தால் குழந்தை அவரையே தேடும். பிழிந்து வைத்த தாய்ப்பாலை அடுத்தவர் கொடுக்கும்போது பல குழந்தைகள் குடிக்க மறுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பாலைப் பற்றிய விவரங்களை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள். பிழிந்த தாய்ப்பால் 25 டிகிரி வரையுள்ள அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும். சென்னை வெயிலில் அந்தக் கணக்கை நம்ப வேண்டாம், பிழிந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள். கதவில் வைக்காமல் உள்ளே பின்பக்கமாக வைத்தால் நான்கு நாள் வரை இருக்கும். பாத்திரத்தின் மேல் தேதியும் நேரமும் எழுதி ஒட்டுங்கள். சூடாக்க மைக்ரோவேவ் கூடாது. வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பாட்டில் வேண்டாம் என்றால் சங்கு, இல்லையென்றால் ஆஸ்பத்திரிகளில் தரும் பாலாடை. குழந்தையை முக்கால் உட்கார்ந்த நிலையில் மடியில் சாய்த்து, பாலாடையின் மூக்கை அதன் உதட்டில் வைத்து, குழந்தை நாக்கால் இழுக்க இழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்க வேண்டும். ஊற்றக் கூடாது. முதல் முறை பாதி சட்டையில்தான் போகும். மூன்றாம் முறை இருவரும் தேறிவிடுவீர்கள்.

அழுகை அடங்காமல் நாற்பது நிமிடம் போகலாம். போகட்டும். பசியில்லை, ஈரமில்லை, காய்ச்சலில்லை என்று பார்த்துவிட்டால் தோளில் போட்டு நடங்கள், தூளியில் போட்டு ஆட்டுங்கள். மனைவியை மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள். அந்த நாற்பது நிமிடத்தின் முடிவில் குழந்தை உங்கள் கையில் தூங்கினால், அந்த வீட்டில் அன்றிலிருந்து இரண்டு பேருக்கு அந்த வேலை தெரியும்.

அடுத்தது, 'எது சொன்னாலும் செய்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்ல வேண்டியிருப்பதுதான் உங்கள் மனைவியின் பாரம். எது எப்போது வேண்டும் என்று நாள் முழுக்க நினைவில் வைத்திருப்பவர் அவர். இதற்கு வழி, சில பொறுப்புகளை ஆரம்பம் முதல் முடிவு வரை நீங்களே எடுத்துக்கொள்வது. மகளுக்கு ஆறு மாதம் முடிந்ததும் திட உணவு ஆரம்பிக்கும். அதை எடுத்துக்கொள்ளுங்கள். கேழ்வரகுப் பால் என்றால், இரவில் கேழ்வரகை ஊறப்போட வேண்டும். மறுநாள் வடித்துத் துணியில் கட்டி முளைவிட வைக்க வேண்டும். பிறகு அரைத்து, மெல்லிய துணியில் பிழிந்து, அந்தப் பாலைச் சிறு தீயில் கை விடாமல் கிளற வேண்டும். கண்ணாடிபோலப் பளபளத்துக் கரண்டியை விட்டு வழுக்கும்போது இறக்கலாம். ஊட்ட இருபது நிமிடம். இந்த வேலை, கேழ்வரகு தீரப்போகிறது என்று கவனிப்பதில் தொடங்கி, ஊட்டிய கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்ப்பதில் முடிகிறது. நடுவில் கிளறும் வேலையை மட்டும் செய்துவிட்டு நகர்ந்தால் பாரம் மனைவியிடமே தங்கிவிடும். ஒரு வயது வரை தேன் கொடுக்கக் கூடாது என்பதையும், பாட்டிமார் ஆசையாக நாக்கில் தடவ வரும்போது தடுப்பதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

தடுப்பூசி அட்டையும் உங்கள் பையில் இருக்கட்டும். அரசு அட்டவணைப்படி ஆறு, பத்து, பதினான்கு வார ஊசிகள் முடிந்திருக்கும். ஒன்பதாம் மாதம் தட்டம்மை–ரூபெல்லா ஊசி வரும். பலருக்கும் தெரியாத ஒன்று: இந்த ஊசிக்குக் காய்ச்சல் வருவதாக இருந்தால், மறுநாள் வருவதைவிட ஒரு வாரம் பத்து நாள் கழித்தே வருவது வழக்கம். அப்போது குழந்தையை விட்டிருக்கும் கிரச்சிலிருந்து போன் வரலாம். காலண்டரில் ஊசி நாளைக் குறிக்கும்போது அடுத்த வாரத்தையும் சேர்த்துக் குறித்து, அந்த நாட்களில் முக்கியமான டெமோ எதையும் ஏற்காதீர்கள். காய்ச்சல் மருந்திலும் ஒரு எச்சரிக்கை. பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் பொதுவாக 100 மில்லிகிராம் இருக்கும். 125 என்று போட்டிருக்கும் சிரப்பில் ஐந்து மில்லிக்குத்தான் 125. அதாவது சொட்டு மருந்து நான்கு மடங்கு வீரியமானது. சிரப்புக்கு மருத்துவர் எழுதிய அளவைச் சொட்டு மருந்தில் கொடுத்தால் ஆபத்து. குழந்தைக்கு மருந்து கொடுக்கும் யாருக்கும், குறிப்பாக நடுராத்திரியில் கொடுக்கும் அப்பாவுக்கு, இது மனப்பாடமாக இருக்க வேண்டும்.

இப்போது வேலைக்கு வருவோம். 2023-ல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் ஒன்றைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார். எந்த நேரம் கூப்பிட்டாலும் வரும் ஆளுக்குத்தான் சில வேலைகள் மணிக்கணக்கை மீறிய சம்பளத்தைத் தருகின்றன. அதனால் தம்பதியில் ஒருவர் அந்த வேலையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் வீட்டு அழைப்புக்கு ஓடுவதற்காகத் தன் வேலையைச் சுருக்கிக்கொள்கிறார். சுருக்கிக்கொள்பவர் பெரும்பாலும் அம்மா. அரசுக் காப்பகங்களும் நீண்ட விடுப்பும் உள்ள டென்மார்க்கிலேயே, முதல் குழந்தைக்குப் பிறகு நீண்ட காலத்தில் தாயின் வருமானம் தந்தையோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 20 சதவீதம் பின்தங்குகிறது என்று ஹென்ரிக் கிளெவனும் அவருடைய சகாக்களும் கண்டார்கள். உங்கள் வீட்டில் யாரும் இதைத் திட்டமிட்டுச் செய்ய மாட்டீர்கள். கிரச்சிலிருந்து வரும் முதல் போன் யாருக்கு என்பதில் அது தானாக ஆரம்பித்துவிடும்.

அதனால் அந்த போனை வாராவாரம் பிரித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவு குழந்தை தூங்கிய பிறகு இருபது நிமிடம், இருவரின் காலண்டரையும் பக்கத்தில் வைத்து, எந்த நாளில் முதல் அழைப்பு யாருக்கு என்று முடிவுசெய்யுங்கள். திங்கள், புதன், வெள்ளி உங்களுக்கு என்றால் அந்த மூன்று நாளும் மீட்டிங்கின் நடுவிலும் நீங்கள்தான் எழுந்து போக வேண்டும். வங்கியில் மாதக் கடைசி, காலாண்டுக் கடைசி நாட்கள் கடுமையானவை, அவை உங்களுடையவை. உங்கள் ரிலீஸ் வாரம் அவருடையது. கிரச்சில் சேர்த்த முதல் பத்து நாளில், பழக்கப்படுத்துவதற்காக ஒரு மணி, இரண்டு மணி என்று விட்டு அழைத்து வரச் சொல்வார்கள். அந்த நாட்களுக்கு நீங்கள் லீவு போடுங்கள்.

லீவைப் பற்றி ஒரு வார்த்தை. பேறுகாலப் பயன் சட்டத்தில் 2017-ல் செய்த திருத்தம் தாய்க்குச் சம்பளத்தோடு 26 வார விடுப்பு தந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. அப்பாவுக்கு அதில் ஒரு நாளும் இல்லை. தனியார் நிறுவனங்களில் சில தாங்களாகவே ஐந்து நாள், பத்து நாள் தருகின்றன. சில அதற்கு மேலும் தருகின்றன. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு. குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள் எடுக்காவிட்டால் காலாவதி. பெரும்பாலான அப்பாக்கள் இதை ஆஸ்பத்திரி வாரத்திலேயே தீர்த்துவிடுகிறார்கள். அங்கே மாமியாரும் நர்சும் இருக்க, அப்பா மருந்துச் சீட்டோடு வராந்தாவில் நிற்கிறார். இனி அப்பா ஆகப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பிரசவ நேரத்துக்குச் சொந்த லீவில் நான்கைந்து நாள் எடுங்கள். உங்கள் அலுவலக விதி அனுமதித்தால், தந்தைக்கான விடுப்பைத் தாய் வேலைக்குத் திரும்பும் வாரத்துக்கு வைத்திருங்கள். 26 வாரத்தில் ஒரு பகுதி பிரசவத்துக்கு முன்பே கழிந்துவிடுவதால், அந்த வாரம் ஆறு மாதத்துக்குள்ளேயே வந்துவிடும். அம்மா ஆபீசில் இருக்க, அப்பா நாள் முழுக்கக் குழந்தையோடு தனியாக இருக்கும் அந்த இரண்டு வாரம் எந்தப் புத்தகத்தையும்விட அதிகம் கற்றுத்தரும். முடிந்தால் தாய்வீட்டுக் காலத்தை இரண்டு மாதமாகக் குறைத்து, மாமியாரை உங்கள் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். குளிப்பாட்டும் கைப்பக்குவம் அவரிடம் இருக்கிறது, அதை அவர் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டும். மூக்கில் எண்ணெய் விடுவதையும், குழந்தை பக்கத்தில் சாம்பிராணிப் புகை போடுவதையும் மட்டும் அன்பாக மறுத்துவிடுங்கள். குழந்தையின் நுரையீரலுக்கு இரண்டும் கெடுதி.

உங்கள் மாலை நேரம் கடினமானதுதான். நியூயார்க்கில் காலை ஒன்பது என்றால் கோடையில் இங்கே மாலை 6.30. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் 7.30. குழந்தைகள் தூங்கப்போவது அந்த நேரத்தில்தான். எல்லா மாலையையும் மீட்க முடியாது, முயலவும் வேண்டாம். வார நாட்களில் காலை முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள்: எழுந்தது முதல், குளிப்பாட்டி, ஊட்டி, பை கட்டி, கிரச்சில் விடுவது வரை. மனைவி தன் வேலைக்குத் தயாராவதை மட்டும் பார்க்கட்டும். மாலையில் இரண்டே இரண்டு நாளைக் கேட்டு வாங்குங்கள்.

கேட்கும் விதம் முக்கியம். குடும்பத்துக்கு நேரம் வேண்டும் என்று பொதுவாகக் கேட்டால் மேலாளர் சரி என்று தலையாட்டுவார், எதுவும் மாறாது. இப்படி எழுதுங்கள்: 'வரும் 1-ஆம் தேதி முதல் செவ்வாய், வியாழன் மாலை 6 முதல் 9 வரை நான் கிடைக்க மாட்டேன். அந்த இரு நாள் கால்களைச் சீனியர் எஞ்சினியர் நடத்துவார். இரவு 9.30-க்குக் குறிப்புகளைப் பார்த்துப் பதில் தருவேன். மூன்று மாதம் பார்த்துவிட்டுப் பேசலாம்.' இதில் நாள், நேரம், மாற்று ஆள், மறுபரிசீலனை நான்கும் இருக்கின்றன. மறுக்க வேண்டுமென்றால் அவர் ஒரு காரணம் சொல்ல வேண்டும். காலண்டரில் அந்த நேரத்தை மறைக்காமல் 'மகளோடு' என்றே போடுங்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்யும் இளைஞர்கள் பார்க்கிறார்கள். நாளை அவர்கள் கேட்பதற்கு அது தைரியம் தரும். வெளிப்படையாகக் கேட்கும் ஆண்கள் இல்லாததால்தான் இது பெண்களின் பிரச்சினையாகவே எல்லா அலுவலகங்களிலும் நீடிக்கிறது.

புரமோஷன் தள்ளிப்போகுமா? போகலாம். அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஒரு சுற்று தள்ளிப்போனால் எவ்வளவு நஷ்டம் என்று எழுதிப் பாருங்கள். பக்கத்திலேயே, நீங்கள் கேட்காமல் விட்டால் உங்கள் மனைவிக்கு ஆகும் நஷ்டத்தையும் எழுதுங்கள். வங்கியில் அவர் ஒரு பதவி உயர்வை வேண்டாமென்றால், அல்லது ஊர் மாற்றத்துக்குப் பயந்து தேர்வே எழுதாவிட்டால், சம்பளம், ஓய்வூதியப் பிடித்தம், பணிமூப்பு எல்லாம் இருபத்தைந்து வருஷத்துக்குக் குறையும். 'அவள் சம்பளத்தில் பாதி கிரச்சுக்கே போகிறது' என்று கணக்குப் போடும் குடும்பங்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். கிரச் கட்டணம் ஏன் அவர் சம்பளத்தில் மட்டும் கழிய வேண்டும்? இருவர் சம்பளத்தையும் கூட்டி, அதிலிருந்து கழியுங்கள். பதில் வேறாக வரும்.

உங்கள் அம்மாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும். ஆபீஸ் போய்க் களைத்து வருகிற பிள்ளை குழந்தையின் துணி மாற்றுவதைப் பார்த்தால் அவருக்கு மனசு தாங்காது. 'கொடுப்பா, அவ வந்து பாத்துக்குவா' என்பார். 'இல்லம்மா, இது என் வேலை. நீங்க உக்காருங்க' என்று நீங்கள் சொல்வது ஒன்று. மருமகள் சொல்வது வேறொன்று. மருமகள் சொன்னால் சண்டை. நீங்கள் நான்கு தடவை சொன்னால் பழகிவிடும்.

உங்கள் மனைவிக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கணவர் போட்ட டயப்பர் கோணலாக இருக்கும். சட்டைக்கும் கால்சட்டைக்கும் நிறம் பொருந்தாது. சரிசெய்யப் போகாதீர்கள். பாதுகாப்புக்குக் குறைவில்லை என்றால் அவர் வழியில் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கையிலிருந்து வாங்கித் திருத்தினால், அடுத்த முறை அவர் நீட்டிவிட்டு ஒதுங்கிவிடுவார்.

ஒரகடம் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும் போலீஸ்காரர்களுக்கும் மாலை இரண்டு நாள் என்பது பொருந்தாது. இரவு ஷிப்ட் வாரத்தில் தூங்கி எழுந்த பிறகு பிற்பகல் உங்களுடையதாகும். அதைக் குழந்தைக்குக் கொடுங்கள். வளைகுடாவில் இருக்கும் அப்பாக்கள் வீடியோ காலோடு நிறுத்தாமல், தடுப்பூசித் தேதி, பள்ளி அட்மிஷன், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எல்லாவற்றையும் அங்கிருந்தே நடத்தலாம். ஊருக்கு வரும் மாதத்தில் மனைவிக்கு விடுமுறை கொடுக்கலாம்.

கடைசியாக, தூக்கம். பத்து மணிக்குக் கால் முடிகிறது என்றால் இரவு இரண்டு மணி வரை குழந்தை உங்கள் பொறுப்பு. மனைவி ஒன்பதுக்கே வேறு அறையில் படுத்து ஐந்து மணி நேரம் இடைவிடாமல் தூங்கட்டும். இரண்டுக்குப் பிறகு அவர் பார்த்துக்கொள்வார், நீங்கள் தூங்குங்கள். விட்டு விட்டுத் தூங்குவதைவிடச் சேர்ந்தாற்போல் தூங்குவதே உடம்பைத் தேற்றும். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு தாய்க்கு வருவது பலருக்கும் தெரியும், அப்பாக்களுக்கும் வரும். எரிச்சலாக, வீட்டுக்குப் போகவே பிடிக்காததாக, காரணமில்லாத பயமாக அது தெரியலாம். இருவரில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

இந்தப் பிரிவினை ஒன்பதாம் மாதம் வரைக்கும்தான் தாங்கும். குழந்தை தவழ ஆரம்பித்ததும் வேலைகள் மாறும், இரவு விழிப்பு குறையலாம், உங்கள் ஆபீஸில் மூன்று மாதக் கெடுவும் முடிந்திருக்கும். அப்போது ஒரு ஞாயிறு இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் புதிதாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இருவரும் வெறுக்கும் வேலை ஏதாவது ஒருவரிடமே தேங்கியிருந்தால், முதலில் அதை மாற்றிக்கொள்ளுங்கள்.